சூபா முதல் சிவாஜிநகர் வரை: கைக்கு வராத சம்மனும் தவறிப்போன கெடுவும்

(புனேயில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நீதிமன்ற வரலாற்றில் புனே நகருக்கு ஒரு விசித்திரமான புகழ் உண்டு. உலகிலேயே மிக நீண்ட காலம் நடந்த வழக்கு இந்த ஊரில்தான் முடிவுற்றது என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் குறிப்பிட்டது. 1205ஆம் ஆண்டில் ஒருவர் தொடுத்த வழக்கில், 761 ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரல் 28 அன்று அவருடைய வழித்தோன்றலுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்ததாம். பொது விழாக்களில் தலைமை வகிக்கும் உரிமையும் முதல் மரியாதையும் யாருக்கு என்பதே வழக்கின் பொருள். வரலாற்றாசிரியர்கள் இதை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது வேறு விஷயம். இந்திய நீதிமன்றம் என்றாலே தாமதம்தான் என்று பேசுவோர் இன்றும் இந்தக் கதையை எடுத்துக்காட்டுவதுண்டு.

ஆனால் இதே புனே மாவட்டத்தில் ஒரே அமர்வில், பிரதிவாதியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்து வைக்கப்பட்ட வழக்குகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவை தாமதமாகவில்லை. மிக விரைவாகவே முடிந்தன. அந்த விரைவுதான் 150 ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மண்ணில் ஒரு கலகம் மூண்டதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது.

அந்தக் கலகத்தின் அடியில் கிடக்கும் காகிதத்தின் பெயர் சம்மன். சிவில் வழக்கில் எல்லாக் கெடுக்களும் இந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குகின்றன. வாதி இதை இத்தனை நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். பிரதிவாதி பெற்றுக்கொண்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். படிக்கும்போது இரு தரப்பையும் சமமாக நடத்தும் விதியாகத் தோன்றும். நடைமுறையில், சம்மன் சேர்ந்தது என்று யார் எழுதுகிறார், எந்த மொழியில் எழுதுகிறார், எந்த முகவரிக்கு அனுப்புகிறார் என்பவையே வழக்கின் முடிவைப் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. சாட்சியமும் வாதமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பல ஏழைகளின் வழக்குகளில் அவை வருவதே இல்லை.

1875 மே 12 அன்று புனே மாவட்டத்தின் சூபா என்னும் சந்தை ஊரில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயிகள் திரண்டனர். கடைக்காரர்களும் வட்டிக்காரர்களும் நிறைந்த ஊர் அது. வந்தவர்கள் கேட்டவை இரண்டு: கணக்குப் புத்தகங்கள், கடன் பத்திரங்கள். பத்திரங்கள் தெருவில் எரிந்தன. கலகம் பக்கத்து அகமத்நகர் மாவட்டத்திற்கும் பரவியது. பத்திரத்தைத் தயக்கமின்றி ஒப்படைத்த வட்டிக்காரருக்கு அநேகமாக எந்தத் தீங்கும் நேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விவசாயிகளின் கோபம் ஆட்களைவிடக் காகிதங்களின் மீதே இருந்தது. 1857ஐ மறந்திராத ஆங்கிலேய ஆட்சி படையை அனுப்பியது, கிராமங்களில் காவல் நிலையங்களை நிறுவியது, பலரைச் சிறையிலிட்டது. பிறகு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. தக்காணக் கலக ஆணையத்தின் அறிக்கை 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

கலகத்தின் பொருளாதாரப் பின்னணி பலருக்கும் தெரிந்ததே. சென்னை மாகாணத்தில் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறைதான் பம்பாய்த் தக்காணத்திலும் நடைமுறையில் இருந்தது. நிலவரியை ஒவ்வொரு விவசாயியும் நேரடியாகப் பணமாகக் கட்ட வேண்டும். விளைச்சல் பொய்த்தாலும் கட்ட வேண்டும். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது லங்காஷயர் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. கடன் தாராளமாகக் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது; பருத்தி விலை சரிந்தது; கடன் வற்றியது. அதே காலத்தில் அரசு நிலவரியை உயர்த்தியது. விவசாயி சௌகாரின் திண்ணைக்குப் போனான். சென்னையில் சௌகார்பேட்டைக்குப் பெயர் தந்த அதே சொல்தான் இது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி சட்டத்தைப் பற்றியது. 1859இல் ஆங்கிலேய அரசு காலவரம்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. கடன் பத்திரத்தின் மீது மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், அதன் பிறகு பத்திரம் செல்லாது. வட்டி மேல் வட்டி ஏறிக்கொண்டே போவதைத் தடுப்பது இதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. நடந்தது நேர்மாறானது. மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் சௌகார் விவசாயியை அழைத்தான். கட்டாத வட்டியை அசலோடு சேர்த்து, அதை முழுவதும் புதிய அசலாக்கி, புதிய பத்திரத்தில் கைநாட்டு வாங்கினான். மறுத்தால் வழக்கு. கடனாளியைக் காக்க வந்த கெடு, கடனாளியின் கழுத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை இறுகும் கயிறாயிற்று. சட்டத்தில் எழுதிய காலவரம்பு தானாக யார் பக்கமும் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அடுத்த கட்டம் நீதிமன்றம். சௌகார் வழக்குத் தொடுப்பான். சம்மன் எடுத்துச் செல்லும் நீதிமன்றச் சேவகன், தமிழ்நாட்டில் அமீனா என்று அழைக்கப்படுபவன், கிராமத்திற்குப் போகாமலே போனதாக எழுதித் தர வழி இருந்தது. உண்மையிலேயே போய்க் கொடுத்தாலும், எழுத்தறியாத விவசாயி அதைப் படித்துக் காட்டச் சொல்லி அதே சௌகாரிடமே போவான். “கவலைப்படாதே, நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்” என்ற பதிலை நம்பி ஊரிலேயே இருந்துவிடுவான். நம்பாதவனும் போகத் தயங்கினான். உழவு நாளில் மாட்டை விட்டுவிட்டு நகரத்திற்கு நடந்து போய், கைநாட்டு வைத்த பத்திரத்தை எதிர்த்து என்ன சொல்வது? வழக்கு நாளில் பிரதிவாதியின் பெயர் கூப்பிடப்படும், பதில் வராது, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு எழுதப்படும். விவசாயிகள் மீதான கடன் வழக்குகளில் பெரும்பாலானவை இப்படியே முடிந்தன. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சௌகார் உடனே நிலத்தை ஏலத்திற்கு விடாமலும் இருப்பான். சிறை, ஜப்தி என்ற அச்சுறுத்தலைத் தலைக்குமேல் தொங்கவிட்டு விளைச்சலையும் உழைப்பையும் ஆண்டுதோறும் கறப்பது அவனுக்கு அதைவிட லாபமாக இருந்தது.

கலகத்திற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியமானது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சதாரா, சோலாப்பூர், அகமத்நகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு அது பொருந்தியது. விவசாயியை அவன் வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்தில்தான் வழக்குக்கு இழுக்க முடியும் என்றது. பிரதிவாதியை நீதிமன்றமே அழைத்து நேரில் விசாரிக்க வேண்டும். அது தேவையில்லை என்று நீதிபதி கருதினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது. பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையோடு நின்றுவிடாமல், முதன்முதலில் கைமாறிய பணம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கடனின் வரலாற்றையே தோண்டிப் பார்க்கும் கடமையை நீதிபதியின் மீது சுமத்தியது. கடனுக்காகச் சிறை என்பதை நீக்கியது. தவணை முறையில் கட்ட வழி செய்தது. காலவரம்பையும் நீட்டியது: பதிவு செய்யாத பத்திரத்திற்கு ஆறு ஆண்டு, பதிவு செய்ததற்குப் பன்னிரண்டு ஆண்டு.

அதாவது, பிரதிவாதி வரவில்லை என்பதை அவனுடைய குற்றமாகக் கொள்ளாமல், ஏன் வரவில்லை என்று கேட்கும் பொறுப்பை நீதிமன்றத்தின் தலையில் வைத்த சட்டம் அது. அன்றைய சிவில் சட்ட மரபில் இது பெரிய உடைப்பு. ஆட்சியாளரின் கருணை இதைத் தரவில்லை. சூபாவில் எரிந்த பத்திரங்களும், 1879இல் இதே புனே வட்டாரத்தில் வாசுதேவ் பல்வந்த் பட்கே நடத்திய ஆயுதக் கிளர்ச்சியும் ஏற்படுத்திய அச்சம்தான் தந்தது. இந்தச் சட்டத்தின் கீழ்ச் சிறப்பு நீதிபதியாகப் பின்னர் பணியாற்றியவர் மகாதேவ் கோவிந்த் ரானடே. புனேயிலேயே வாழ்ந்த ஜோதிராவ் புலே, 1880களின் தொடக்கத்தில் விவசாயியின் சாட்டையைப் பற்றி எழுதிய நூலில், நீதிமன்ற அலுவலகங்களையும் அங்கே அமர்ந்திருந்த மேல்சாதி எழுத்தர்களையும் சேர்த்தே குற்றக் கூண்டில் நிறுத்தினார். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்த சீர்திருத்தவாதிகள் கண்டுகொள்ளாத இடத்தைப் புலே கண்டார் என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் வரம்பையும் மறைக்க வேண்டியதில்லை. சௌகார்கள் அடமானத்தை விற்பனைப் பத்திரமாக எழுதி வாங்கத் தொடங்கினர். வசதி படைத்த விவசாயிகளே வட்டிக்காரர்களாக மாறினர். நிலவரியின் பளு குறையவில்லை. நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கொடுத்த சட்டம்தான் அது. ஆயினும் அதே காலத்துத் தமிழ்ப் பகுதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாண விவசாயிக்குக் கடன் நிவாரணச் சட்டம் என்ற ஒன்று 1938இல்தான் கிடைத்தது. தக்காணத்தில் கலகம் நடந்தது, இங்கே நடக்கவில்லை என்ற வேறுபாட்டின் விலை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இன்று நாட்டின் மிகப் பெரும்பகுதிக்கு உள்ளது 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம். நவதாராளவாதக் காலத்தில், “வழக்குகளை விரைவுபடுத்துதல்” என்ற முழக்கத்தோடு 1999இலும் 2002இலும் அது திருத்தப்பட்டது. வழக்குத் தொடுத்த முப்பது நாளுக்குள் சம்மன் அனுப்பப்பட வேண்டும். சம்மன் சேர்ந்த முப்பது நாளுக்குள் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி காரணம் எழுதி நீட்டித்தாலும் தொண்ணூறு நாளைத் தாண்டக் கூடாது. நீதிமன்ற ஊழியரோடு தனியார் கூரியர் நிறுவனமும் சம்மனை எடுத்துச் செல்லலாம் என்பதும் அப்போதுதான் வந்தது. இன்னொரு விதி இதைவிடக் கூர்மையானது. சரியான முகவரியிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிய சம்மனின் ஒப்புகை முப்பது நாளில் திரும்பி வராவிட்டாலும், சம்மன் முறையாகச் சேர்ந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கலாம்.

முகவரி “சரியானது” என்று சொல்பவர் வாதி. கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியும். குடியிருப்பு மாறும், ஆதார் அட்டையில் பழைய முகவரி இருக்கும், கடன் வாங்கும்போது கொடுத்த முகவரி மூன்றாவதாக ஒன்றாக இருக்கும்.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் சேலம் வழக்கறிஞர் சங்கத்தினர். “சேலம் வழக்கு” என்று இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். 2002இல் திருத்தங்கள் செல்லும் என்று முதலில் தீர்ப்பு வந்தது. அவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளை ஆராய நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் குழு அமைந்தது. 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு, தொண்ணூறு நாள் என்பது மீறவே முடியாத எல்லையன்று, அரிதான நேர்வுகளில் நீதிமன்றம் அதைத் தாண்டியும் அனுமதிக்கலாம் என்று சொன்னது. நடைமுறை விதி என்பது நீதிக்குப் பணிப்பெண்ணே தவிர எசமானியல்ல என்று நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த கருத்தின் வழி வந்த முடிவு அது. கூரியர்காரர் பொய்யறிக்கை தந்தால் என்ன செய்வது என்ற கவலையும் அந்த வழக்கில் எழுந்தது. சூபாவின் அமீனா 130 ஆண்டு கழித்து மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதே அந்தக் கவலையின் சாரம்.

சேலத்து வழக்கறிஞர்கள் திறந்த இந்தக் கதவை மூலதனம் வேறொரு வழியில் அடைத்தது. 2015இல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. வணிகத் தகராறுகளில் எதிருரைக்கு 120 நாள் கெடு. தாண்டினால் எதிருரை தரும் உரிமையே போய்விடும், நீதிபதிக்கும் அதை ஏற்கும் அதிகாரம் இல்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாய விதி என்று உறுதிசெய்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்குத்தான் இந்தச் சட்டம் என்று முதலில் சொன்னார்கள். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் இருந்துவிட்டனர். 2018இல் அந்த வரம்பு மூன்று லட்சம் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உலக வங்கியின் “தொழில் செய்வதற்கான எளிமை” தரவரிசையில் முன்னேறுவது அந்த நாள்களின் அரசுக் கொள்கை. மூன்று லட்சம் என்பது போசரியில் இரண்டு லேத் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரரின் கணக்கு. அவருக்கும் பன்னாட்டு நிறுவனத்திற்கும் ஒரே கெடு.

கொடுக்கல் வாங்கலில் இதைவிடக் குறுகிய கெடுவும் உண்டு. பிராமிசரி நோட்டு, காசோலை, எழுத்துபூர்வ ஒப்பந்தம் ஆகியவற்றின் மீது சிவில் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்கு வழக்குத் தொடுக்கலாம். அதில் சம்மன் கிடைத்த பத்து நாளுக்குள் பிரதிவாதி ஆஜராவதைப் பதிவு செய்ய வேண்டும். பத்து நாள் தவறினால் வாதி சொன்னதெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொண்டு தீர்ப்பாகும். புனேயில் “லீவ் அண்ட் லைசென்ஸ்” ஒப்பந்தத்தில் குடியிருப்போருக்கு 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முப்பது நாள் தருகிறது. அதற்குள் வழக்கை எதிர்த்து வாதாட அனுமதி கேட்டு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால், வீட்டுக்காரர் கூறியது உண்மையென்று எடுத்துக்கொள்ளப்படும். சம்மன் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவதிலேயே பத்தில் நான்கு நாள் போய்விடும்.

வாதியாக நிற்கும் உழைப்பாளிக்கும் கெடு இரக்கம் காட்டுவதில்லை. கொடுத்த முன்பணத்தையோ வைப்புத் தொகையையோ திரும்பக் கேட்டு வழக்குப் போட்டவர், சம்மன் அனுப்பும் கட்டணத்தை, அதாவது பேட்டாவை, உரிய நாளில் கட்டாததால் சம்மன் போய்ச் சேரவில்லையென்றால், வழக்கு தள்ளுபடியாகலாம். சம்மன் சேராமல் திரும்பிவிட்டால், ஏழு நாளுக்குள் புதிய சம்மன் கேட்டு மனுப் போட வேண்டும். முன்பு இதற்கு ஒரு மாதம் இருந்தது; விரைவுபடுத்தும் திருத்தம் அதை ஏழு நாளாக வெட்டியது. “கதவு பூட்டியிருந்தது” என்ற ஒரு வரிக் குறிப்போடு சம்மன் திரும்பிய செய்தி வாதிக்கு எப்போது தெரியும்? அடுத்த வாய்தாவில். அதற்குள் ஏழு நாள் எப்போதோ கடந்திருக்கும். பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார் என்றோ, அவர் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க இயன்றதெல்லாம் செய்தாகிவிட்டது என்றோ காட்டினால் தப்பலாம். ஒளிந்து திரியும் ஒப்பந்தக்காரரின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கூலித் தொழிலாளிக்கு எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதைச் சட்டம் கணக்கிடுவதில்லை.

கெடு தவறியபின் மன்னிப்புக் கேட்க வழி உண்டே என்று சொல்லலாம். உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், போதிய காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்தருளலாம் என்கிறது. இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லப் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது 1987ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று. “ஒவ்வொரு நாள் தாமதத்திற்கும் விளக்கம் தர வேண்டும்” என்ற பழைய கோட்பாட்டை அது கேலி செய்தது. நாள் ஏன், ஒவ்வொரு மணிக்கும் நொடிக்கும் கேட்கலாமே என்ற பொருளில் கேட்டது. ஏழைக்கு இரங்கிய தீர்ப்பு என்று நினைக்கத் தோன்றும். வழக்கின் பின்னணி வேறு. காஷ்மீரின் அனந்தநாக்கில் நிலத்தை இழந்தோருக்கு இழப்பீடு உயர்த்தப்பட்டதை எதிர்த்து அரசு நான்கு நாள் தாமதமாக மேல்முறையீடு செய்தது. அந்த நான்கு நாளை மன்னிக்கத்தான் இந்தப் புகழ்பெற்ற தாராளம் வந்தது. பின்னர் சாதாரண மக்களுக்கும் இந்தத் தீர்ப்பு பயன்பட்டிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2012இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்திற்குக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்த கதையைக் காரணமாகச் சொன்னபோது, காலவரம்பு அரசையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் உண்மை.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. 1991இல் ஒருவர் மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாயிற்று. அதை நீக்கக் கோரிய மனுவை அவருடைய வழக்கறிஞர் கவனிக்காமல் விட்டார். மனு தள்ளுபடியானது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து மீண்டும் வந்தபோது 883 நாள் கடந்திருந்தது. விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது, சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, 1998இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது அந்தத் தீர்ப்பு. இடையில் அந்த மனிதர் தம் வழக்கறிஞர் மீது நுகர்வோர் மன்றம் சென்று இழப்பீடும் பெற்றிருந்தார். படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் தம் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கேட்டே டெல்லி வரை போக வேண்டியிருந்தது; வழக்கின் சாரத்தை அதுவரை யாரும் விசாரிக்கவில்லை. டெல்லிக்குப் போக முடியாதவரின் வழக்கு தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெறாது.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களைக் கெடுக்களின் கணக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் நீக்கியது. மீற முடியாதது என்று கூறப்பட்ட 120 நாளுக்கும் அந்த விலக்குப் பொருந்தியது. மனிதர் வகுத்த கடிகாரத்தை மனிதர் நிறுத்தவும் முடியும் என்பது அப்போது தெரிந்தது. ஆலைக்கதவடைப்பில் ஊருக்குத் திரும்பிய தொழிலாளிக்கும், வெள்ளத்தில் குடிசையோடு காகிதங்களை இழந்தவருக்கும் கடிகாரம் அப்படித் தானாக நிற்பதில்லை.

சம்மன் மாதக்கணக்கில் சேராதிருந்த இன்னொரு வழக்கையும் இந்தியத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம், கௌதம் அதானி, சாகர் அதானி ஆகியோர் மீது நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டுகளை அதானி குழுமம் மறுத்தது. பிரதிவாதிகள் இந்தியாவில் இருப்பதால், சம்மனைச் சேர்ப்பிக்க உதவுமாறு ஹேக் உடன்பாட்டின்படி 2025 பிப்ரவரியில் ஆணையம் இந்தியச் சட்ட அமைச்சகத்தை நாடியது. மாதங்கள் உருண்டன. சம்மன் இன்னும் சேரவில்லை என்று ஆணையம் நீதிமன்றத்திற்கு அறிக்கை மேல் அறிக்கை அளித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க விதிப்படி உள்நாட்டில் இருக்கும் பிரதிவாதிக்குத் தொண்ணூறு நாளுக்குள் சம்மன் சேர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தக் கெடு பொருந்தாது. உலகப் பணக்காரர் பட்டியலில் இடம்பெற்றவரின் அலுவலகத்தைக் கண்டுபிடிப்பது எவருக்கும் கடினமாக இருந்திருக்காது. கட்கியில் ஒரு சந்தில் குடியிருப்பவருக்கு ஒப்புகை அட்டை வராவிட்டாலும் முப்பது நாளில் சம்மன் சேர்ந்ததாகிவிடும் நாடு இது.

விதி வேண்டாம், கெடுவே வேண்டாம் என்பது இடதுசாரிகளின் நிலைப்பாடன்று. சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் தொழிலாளிக்குத்தான் வழக்கு விரைந்து முடிவது எல்லோரையும்விட அவசியம். முதலாளி எதிருரை தராமல் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிய காலத்தையும் மறக்க இயலாது. 1879இன் சட்டம் கேட்ட கேள்வியை மீண்டும் சட்டத்திற்குள் கொண்டுவர வேண்டும் என்பதே கோரிக்கை: கடன் வழக்கிலும் வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கிலும், பிரதிவாதிக்குச் செய்தி உண்மையில் எட்டியதா என்று நீதிபதி விசாரித்துக் காரணம் எழுதாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்புக் கூடாது. சம்மனோடு, பெறுபவர் படிக்கும் மொழியில் ஒரு பக்கக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். எந்த நீதிமன்றம், எந்த நாள், எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியவற்றையும் சொல்லியாக வேண்டும். சம்மனை வாங்க மறுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது பெருந்தவறு. மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சேர்ந்ததாகவே கணக்காகும். வாங்கி, வாங்கிய தேதியைக் கையெழுத்தின் பக்கத்தில் எழுத வேண்டும். உறையைத் தூக்கி எறியக் கூடாது, அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரையே பின்னர் சாட்சியாகும். வழக்கு இருக்கிறதோ என்ற ஐயம் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டதென்று தெரிந்தால் முப்பது நாளுக்குள் அதை நீக்க மனுச் செய்ய வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால் அந்த முப்பது நாள், தீர்ப்பின் தேதியை விட்டு, தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து தொடங்கும். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்ததை முறையான சேர்ப்பிப்பாக இந்தக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே எந்த நாளில், யார் மூலம், எப்படித் தெரிந்தது என்பதை அன்றே எழுதி வைப்பது அவசியம்.

சிவாஜிநகர் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். விண்ணப்பத்தை வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஊழியர் உதவ வேண்டும். சம்மன் வந்த மறுநாளே அங்கே போவதற்கு, மராத்தி படிக்கத் தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு குடியிருப்பிலும் பொறுப்பேற்றுக்கொண்டால், பத்து நாள் கெடுவில் ஒன்பது நாள் மிஞ்சும்.